தரை ஏறிய தெரு

அச்சகக்காரருக்கும் பல் டாக்டரம்மாவுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனதற்குக் காரணம் ஒரு சுவர். இரண்டு கட்டடங்களுக்கும் பொதுவான சுவர் அது. இந்தப் பக்கம், தரைக்குக் கீழே இருந்த அறையில், அச்சகக்காரர் தாள் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். அந்தப் பக்கம், அதே ஆழத்தில், டாக்டரம்மா எக்ஸ்ரே எடுக்கும் அறை. இரண்டு அறைகளிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஈரம் கண்டது. முதலில் சுவரின் அடியில் ஒரு கறுப்புக் கோடு. பிறகு பூச்சு உப்பி, தொட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது. அப்புறம் மூலையில் தெளிவான தண்ணீரே வந்து நின்றது.

"அந்தம்மாகிட்ட வர்றவங்க வாய் கொப்புளிச்சுத் துப்புற தண்ணியெல்லாம் எங்க போகுதுன்னு நினைக்கறீங்க? என் பேப்பருக்குத்தான்" என்றார் அச்சகக்காரர், தெருவில் கேட்டவர்களிடமெல்லாம்.

"அவர் மெஷின் கழுவுற தண்ணி என் எக்ஸ்ரே ரூமுக்கு வருது. நான் சொல்லலை, சுவரே சொல்லுது" என்றார் டாக்டரம்மா.

இருவரும் ஆளுக்கொரு குழாய்க்காரரைக் கூட்டிவந்தார்கள். இவருடைய ஆள் தப்பெல்லாம் அந்தப் பக்கக் குழாயில் என்றார். அவருடைய ஆள் இந்தப் பக்கக் குழாயில் என்றார். இரண்டு பக்கமும் தரையைக் கொத்திப் பார்த்தார்கள். குழாய்கள் கல் மாதிரி இருந்தன. அதற்குப் பிறகும் யாரும் யாரையும் நம்பவில்லை.

இதில் கூத்து என்னவென்றால், அச்சகக்காரருக்கு அந்த டாக்டரம்மாவிடம்தான் ரூட் கேனால் நடந்துகொண்டிருந்தது. பாதியில் நின்றுவிட்டது. தற்காலிகமாக அடைத்த பல்லோடு, அடுத்த வாசலுக்குப் போக மனமில்லாமல், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நாட்களைத் தள்ளினார். டாக்டரம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. வழக்கமாக அவரிடம் அடிக்கும் மருந்துச் சீட்டுகளை வேறு அச்சகத்தில் கொடுத்தார். அவர்கள் 'பல் மருத்துவமனை' என்பதற்கு 'பால் மருத்துவமனை' என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டு ஒன்று எப்படியோ அச்சகக்காரர் கைக்கு வந்தது. அன்றைக்கு ஒருநாள் மட்டும் அவருக்குப் பல்வலி தெரியவில்லை.

அச்சகக்காரரின் தங்கையைத்தான் வீட்டில் எல்லோரும் சின்னவள் என்பார்கள். நாற்பதைத் தாண்டி, காதோரம் நரைத்தும் அவள் சின்னவள்தான். நகர நிர்வாகத்தின் நில அளவைப் பிரிவில் அவளுக்கு வேலை. நேரில் போய்ச் சங்கிலி பிடித்து அளக்கிற வேலை இல்லை. ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்று சில நாட்களுக்கு ஒருமுறை அதே பாதையில் வந்து, ஊரின் மேல் ரேடார் அலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்துகொள்ளும். போன தடவை வந்ததையும் இந்தத் தடவை வந்ததையும் ஒப்பிட்டால், எந்தக் கூரை, எந்தப் பாலம் எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம். வருடக்கணக்காக அப்படிச் சேர்ந்ததை வைத்துக்கொண்டு, ஊரில் எங்கெங்கே நிலம் இறங்குகிறது என்று சொல்வது அவள் பொறுப்பு.

"செயற்கைக்கோள் இல்லடி அது, வெறும் கோள். யார் வீடு இறங்குதுன்னு மேல இருந்து பார்த்து உன்கிட்ட வந்து மூட்டுது. நீ போய் ஊருக்கே சொல்ற" என்று அண்ணன் கிண்டல் செய்வார். அண்ணன் பிள்ளைகள் அவளைக் 'கோள் அத்தை' என்றே கூப்பிட்டு வளர்ந்தார்கள். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. திரும்பிப் பார்த்து "என்னடா?" என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது அண்ணன் வீங்கிய கன்னத்தோடு உட்கார்ந்திருந்தார். அண்ணி தேநீரை அவளிடம் கொடுத்துவிட்டு, கணவரைக் கண்ணால் காட்டினாள்.

"பாரு உன் அண்ணனை. ஒரு பக்கமா மெல்றார், ஒரு பக்கமா பேசறார். பக்கத்துல நாலு அடி நடந்தா சரியாயிடும். வீம்பு."

"நான் போகமாட்டேன்" என்றார் அண்ணன் ஒரு பக்கமாக. "வாயைத் திறந்துட்டு அவங்க முன்னாடி படுத்திருக்கும்போது தண்ணி பேச்சை எடுத்தா நான் எப்படிப் பதில் சொல்றது?"

அதிலும் நியாயம் இருந்தது. சின்னவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்காத. உங்க ஆபீஸ்ல குழாய் பார்க்கற பிரிவு இருக்குல்ல, அங்க யாரையாவது கூட்டிட்டு வா. சாயத் தண்ணி ஊத்திப் பார்ப்பாங்களாமே. அந்தம்மா குழாய்ல சிவப்பு ஊத்தி என் பக்கம் சிவப்பா வந்தா விஷயம் முடிஞ்சுது."

"அது வேற கட்டடம்ணா, எனக்கு அங்க யாரையும் தெரியாது. சரி, கேட்டுப் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் அலுவலகம் போனதும் மறந்தும் போனாள். ஏனென்றால் அன்று அவள் திரையில் ஒரு நீலத் திட்டு வந்திருந்தது.

அவர்கள் வரைபடத்தில் இறங்கும் நிலம் சிவப்பு; ஏறும் நிலம் நீலம். நீலம் என்று ஒரு நிறம் இருப்பதே அங்கே பலருக்கு மறந்துபோயிருந்தது. ஊரின் வடகிழக்கு மூலை பல வருடங்களாக ரத்தச் சிவப்பு. அண்ணனின் தெருவும் அதற்குள்தான். கதவுகள் நிலையில் உரசும், சுவர்கள் மூலைவாட்டில் விரியும். தெருவுக்குப் பின்னாலிருந்த குளிர்பான ஆலை ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவும் பகலும் நீரை உறிஞ்சியதால், அடியிலிருந்த களிமண் வற்றிச் சுருங்கி, மேலே இருந்த தெருவையும் கீழே இழுத்தது. அதைக் கண்டுபிடித்து அறிக்கை எழுதியவள் சின்னவள். அந்த அறிக்கைக்குப் பிறகுதான் நகர மன்றம் ஆலையின் கிணறுகளை மூடச் சொன்னது. ஆலையும் மல்லுக்கட்டாமல், சுத்திகரித்த நீருக்கு மாறிக்கொண்டது. அதன்பின் சிவப்பு வெளுத்தது, மஞ்சளானது, பச்சையானது. இறங்குவது நின்றுவிட்டது என்று எல்லோரும் கைகொடுத்துக்கொண்டார்கள். இப்போது பச்சைக்கு நடுவில் நீலம்.

அவள் திரையைத் தூக்கிக்கொண்டு ஓடாத குறையாகத் தலைமைப் பொறியாளரிடம் போனாள். அவரைப் பிரிவில் எல்லோரும் 'பொறுங்க சார்' என்பார்கள். தீப்பிடித்தது என்று சொன்னாலும் முதலில் அவர் வாயில் வருவது அந்த வார்த்தைதான்.

"சார், வடகிழக்கு ஏறுது."

"பொறுங்க" என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "ஏறுதுன்னு எதை வெச்சுச் சொல்றீங்க?"

"தண்ணித் தொட்டிப் பாறையை வெச்சு, சார். அதுதான் நம்ம ஆதாரப் புள்ளி."

"அந்தப் பாறையே இறங்கிட்டா?"

சின்னவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு படகு பக்கத்துல பக்கத்துல நிக்குது. நீங்க இருக்கற படகு அமுங்கினா, அடுத்த படகு ஏறுற மாதிரிதான் உங்களுக்குத் தெரியும். முதல்ல உங்க படகைப் பாருங்க. அப்புறம் வெயில். தகரக் கூரை வெயில்ல உப்பும், அதையும் கழிச்சுடுங்க. அதுக்கும் மேல நீலமா இருந்தா, வந்து சொல்லுங்க. நானே டீ வாங்கித் தர்றேன்."

அவர் டீ வாங்கிக் கொடுத்ததாக வரலாறு இல்லை. அதனாலேயே சின்னவளுக்கு ரோஷம் வந்தது. ஊரின் மறுபக்கத்தில் ஒரு கருங்கல் மேடு இருந்தது. அதை ஆதாரமாக வைத்துக் கணக்கு முழுவதையும் திரும்பப் போட்டாள். நீலம் அப்படியே இருந்தது. தகரக் கூரைகளைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டாள். வெயில் காலத்தையும் குளிர் காலத்தையும் தனித்தனியாகப் பிரித்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் கணக்கில் ஓட்டை அகப்படவில்லை. நீலம் சற்றே சுருங்கியது, போய்விடவில்லை.

"பொறுங்க" என்றார் பொறுங்க சார், இந்த முறை மெதுவாக. "மேல இருந்து பார்த்தது போதும். கீழ இறங்கி ஒரு கிணத்தை எட்டிப் பாருங்க."

வடகிழக்கில் நகர நிர்வாகத்தின் கண்காணிப்புக் கிணறு ஒன்றே ஒன்று இருந்தது. தீயணைப்பு நிலையத்தின் பின்புறம், ஏணிகள் சாய்த்து வைத்த சுவரோரம். கிணறு என்றால் எட்டிப் பார்க்கும் கிணறு இல்லை. தரையிலிருந்து முழங்கால் உயரம் நீட்டிக்கொண்டிருக்கும் மூடி போட்ட இரும்புக் குழாய். உள்ளே வைத்திருந்த தானியங்கி அளவி எப்போதோ பழுதாகி, மாற்றுவார் இல்லாமல் கிடந்தது.

சின்னவள் நாடாச் சுருளோடு போய் இறங்கினாள். நாடாவின் நுனி தண்ணீரைத் தொட்டால் சுருள் கீச்சென்று கத்தும். தீயணைப்புக்காரர் ஒருவர் துருப்பிடித்த மூடியைத் தட்டித் திறந்து கொடுத்துவிட்டு, கைகட்டி வேடிக்கை பார்த்தார்.

"ரொம்ப ஆழமாம்மா?"

"ஆமாங்க. போன தடவை பார்த்தப்ப நாடாவே பத்தலை. இந்தத் தடவை நீளமானதா எடுத்துட்டு வந்திருக்கேன். கொஞ்ச நேரம் ஆகும்."

சொல்லி வாய் மூடவில்லை, சுருள் கத்தியது. குழாயின் பக்கவாட்டு ஈரத்தில் நுனி ஒட்டிக்கொண்டது என்று நினைத்து, வெளியே இழுத்துத் துடைத்து மறுபடி விட்டாள். மறுபடியும் அதே இடத்தில் கத்தியது. மூன்றாவது முறை கத்தியபோது அவள் கத்தவில்லையே தவிர, அவளுக்கும் கிட்டத்தட்ட அதே நிலைதான்.

"என்னம்மா, ஏதாவது பிரச்சனையா?"

"தண்ணி வந்துடுச்சுங்க" என்றாள். "திரும்பி வந்துடுச்சு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். சின்னவள் கவிழ்த்து வைத்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருடங்களாகச் சிவப்பைப் பார்த்துச் சிவப்பைப் பார்த்து, தன் வேலை என்றாலே கெட்ட செய்தி சொல்வதுதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டில்கூட அவளைப் பார்த்தால் "எங்க தெரு எப்படி இருக்கு?" என்று பயந்துகொண்டே கேட்பார்கள். இப்போது காலுக்கு அடியில், இருட்டில், யார் கண்ணிலும் படாமல் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. அது தள்ளித்தான் மேலே தெருவும் கொஞ்சம் நிமிர்கிறது. இறங்கியது முழுக்கத் திரும்ப ஏறாது, இறுகிய களிமண் இறுகியதுதான். ஆனாலும் ஏறுகிறதே! அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்த நிறைவு ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. தண்ணீர் இவ்வளவு மேலே வந்திருந்தால், தரைக்குக் கீழே அறை கட்டியவர்கள் கதி என்ன என்று மனம் கேட்டது. உடனே ஒரு வீங்கிய கன்னம் கண்முன் வந்தது.

"ஐயையோ, அண்ணன்!" என்று எழுந்தாள்.

அன்று மாலையே இரண்டு சிறு பாட்டில்களோடு தெருவுக்குப் போனாள். ஒன்றில் அண்ணனின் கீழறைத் தண்ணீரைப் பிடித்தாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு அடுத்த வாசலில் ஏறியபோது, அண்ணன் ஜன்னல் வழியாகப் பார்த்த பார்வையில் எள்ளும் கொள்ளும் வெடித்தன.

டாக்டரம்மா அவளை உள்ளே விட்டார். ஆனால் உட்காரச் சொல்லவில்லை.

"உங்க அண்ணன் அனுப்பினாரா?"

"இல்லைங்க டாக்டர். கிணறு அனுப்பிச்சுது."

அதைக் கேட்டதும் டாக்டரம்மாவின் புருவம் இறங்கியது. அவரே டார்ச் பிடித்துக்கொண்டு படியில் முன்னால் இறங்கினார்.

பரிசோதனைக் கூடத்திலிருந்து முடிவு வந்தது. இரண்டு பாட்டில்களிலும் இருந்தது ஒரே தண்ணீர். குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரின் இதில் பெயருக்குக்கூட இல்லை. சோப்பு இல்லை, மருந்து இல்லை, அச்சு மை இல்லை. சுண்ணாம்பு மட்டும் ஏகத்துக்கு. தீயணைப்பு நிலையக் கிணற்றுத் தண்ணீரும் அச்சு அசல் அப்படியே. முடிவைப் பார்த்த பொறுங்க சார் ஒரு தடவைகூடப் பொறுங்க என்று சொல்லவில்லை. எழுந்து போய் டீ வாங்கிவந்தார். பிரிவே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது.

தெருக்காரர்களைக் கூட்டி விஷயத்தைச் சொல்லவேண்டும் என்று முடிவானது. அத்தனை நாற்காலிகள் உள்ள இடம் அந்தத் தெருவில் டாக்டரம்மாவின் காத்திருப்பு அறை மட்டும்தான். அண்ணன் வரமாட்டேன் என்றார். அண்ணி வேறெதுவும் பேசாமல் அவருடைய செருப்பை எடுத்து வாசலில் போட்டாள். வந்தார்.

சின்னவள் சுவரில் வரைபடத்தைக் காட்டினாள். வருடத்துக்கு வருடம் சிவப்பு எப்படி இருந்தது, எப்படி வெளுத்தது, இப்போது நீலம் எப்படி வந்தது என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். உங்கள் கட்டடங்களைக் கட்டியபோது ஆலை முழு வீச்சில் நீரை இறைத்துக்கொண்டிருந்தது, அதனால் தண்ணீர் அதலபாதாளத்தில் இருந்தது, அதை நம்பித்தான் எல்லோரும் தரைக்குக் கீழே அறை தோண்டினார்கள், இப்போது தண்ணீர் தன் பழைய இடத்துக்கு வருகிறது என்றாள்.

"அப்ப எங்க குழாய்ல தப்பு இல்லை?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இல்லைங்க."

"என் குழாய்லயும் இல்லை?" இது அண்ணன்.

"இல்லைண்ணா."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வரைபடத்தையே பார்த்தார்கள்.

"பின்ன யாரு மேலதான் தப்பு?" என்றார் அண்ணன். இத்தனை மாதக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்ற தவிப்பு அவர் குரலில் இருந்தது. "ஆலை மேலயா?"

"ஆலை இறைக்கறதை நிறுத்திட்டாங்க. அதனாலதான் தண்ணி ஏறுது."

"நிறுத்தச் சொன்னது யாரு?"

சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பொறுங்க சார் தொண்டையைக் கனைத்தார்.

"நகர மன்றம். ஆனா நிறுத்தணும்னு அறிக்கை எழுதினது உங்க தங்கச்சி. அது மட்டும் இல்லைன்னா இந்தத் தெரு இன்னும் இறங்கிட்டுத்தான் இருக்கும். இந்தச் சுவர் ரெண்டா பிளந்திருக்கும்."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். டாக்டரம்மாவும் பார்த்தார்.

"என் பேப்பரை நனைச்சது நீயா?" என்றார் அண்ணன்.

முதலில் சிரித்தது டாக்டரம்மாதான். அது சாதாரணச் சிரிப்பு இல்லை, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிச் சிரித்தார். அண்ணனுக்கும் தொற்றிக்கொண்டது. வாயைப் பெரிதாகத் திறந்து சிரித்தவர், அப்படியே "ஆ" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"என்ன, அந்தப் பல்லா?" டாக்டரம்மா எழுந்துவிட்டார். "இன்னும் அப்படியேவா விட்டிருக்கீங்க? பெரிய மனுஷன் செய்யற வேலையா இது? வாங்க உள்ள."

"கூட்டம் நடக்குது..."

"கூட்டத்தை உங்க தங்கச்சி பார்த்துப்பா. எழுந்திருங்க."

அண்ணன் எழுந்து போனார். மீதிக் கூட்டம் உள்ளே சுழலும் கருவியின் சத்தத்துக்கு நடுவில் நடந்தது. அண்ணி அடிக்கடி அந்தக் கதவைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அடுத்த சில மாதங்களில் வேலைகள் நடந்தன. நகர நிர்வாகம் தெருவின் இரண்டு பக்கமும் அடித்தளத்தை ஒட்டி வடிகால் போட்டு, ஊறும் நீரைத் தீயணைப்பு நிலையத்தின் தொட்டிக்குக் கொண்டுபோனது. பொதுச் சுவருக்கு அடியில் ஒரு சின்னக் குழி, அதில் ஒரு மோட்டார், இரண்டு கட்டடங்களுக்கும் பொதுவாக. அதன் சாவி யாரிடம் இருப்பது என்று அச்சகக்காரரும் டாக்டரம்மாவும் ஒருநாள் முழுக்க வாதாடினார்கள். ஆனால் அந்த வாதம் படியில் நின்று, கையில் தேநீரோடு, நேருக்கு நேர் நடந்தது. கடைசியில் சாவி அண்ணியிடம் போனது.

தாள் கட்டுகள் மாடிக்கு ஏறின. கூடவே, அச்சடித்த நிறங்களைச் சரிபார்க்கும் மேசையையும் அண்ணன் மேலே போட்டுக்கொண்டார். இத்தனை காலம் கீழே குழல் விளக்கில் பார்த்த சிவப்பு வேறு, ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கும் சிவப்பு வேறு என்று அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. "இவ்வளவு நாளா குருட்டாம்போக்குலதான் அடிச்சிருக்கேன்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். டாக்டரம்மாவுக்குப் புதுச் சீட்டுகள் அந்த மேசையில்தான் தயாராயின. 'பல்' என்ற சொல்லைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத்தான் அடித்தார்.

சின்னவளுக்கு வேலை மாறவில்லை. வேலையின் திசைதான் கொஞ்சம் மாறியது. பொறுங்க சார் அவளைக் கூப்பிட்டு, நீலம் பரவுகிற வேகத்தைப் பார்த்து அடுத்து எந்தெந்தத் தெருக்களில் தண்ணீர் எட்டும் என்று முன்கூட்டியே சொல்லச் சொன்னார். "தண்ணி போய் கதவைத் தட்டறதுக்கு முன்னாடி நாம போய்த் தட்டணும்" என்றார்.

அப்படித்தான் ஒரு நல்ல வெயில் காலையில் அவள் ஒரு செருப்புக் கடைக்குள் நுழைந்தாள். கடை மேலே, சரக்கெல்லாம் கீழே, தரைக்கு அடியில். கடைக்காரர் அவளுடைய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நில அளவை என்றதும் அவர் முகம் கறுத்தது.

"எங்க தெருவும் இறங்குதாம்மா?"

"இல்லைங்க, ஏறுது."

"ஏறுதா?" அவர் சந்தேகமாகக் காலுக்குக் கீழே பார்த்தார். "இது என்ன கூத்து! தரை எங்கயாவது ஏறுமா?"

சின்னவள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆலையையும் கிணற்றையும் களிமண்ணையும் நிதானமாக விளக்கினாள். அவசரம் ஒன்றும் இல்லை, இன்னும் பல மாதங்கள் இருக்கின்றன, நகர நிர்வாகமே வடிகால் போட்டுத் தரும் என்றாள். கடைக்காரர் தாடையைத் தடவிக்கொண்டே கேட்டார். நடுவில் ஒரு குழந்தையின் காலுக்கு அளவு பார்த்து அனுப்பிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"அப்ப இது நல்ல சேதிதானே?" என்றார் கடைசியில்.

"ரொம்ப நல்ல சேதிங்க" என்றாள் சின்னவள். "ஆனா கீழ இருக்கற பெட்டிகளை மட்டும் இப்பவே மேல எடுத்து வெச்சிடுங்க."